சொல்லி எழுதினால் ஏன் வேறு மாதிரி வருகிறது?

உங்கள் கேள்வி இதுதான். டோம்பிவ்லியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் மும்பை சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் போய்வருகிறீர்கள். உட்கார்ந்து கதை எழுத நேரம் கிடைக்காததால், ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு நடக்கிற நேரத்தில் போனில் சொல்லிச் சொல்லி எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். இரவில் நோட்டில் கையால் எழுதியதோடு வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே ஆள் எழுதியது போல இல்லை. போனில் சொன்னது வளவளவென்று போகிறது, கையால் எழுதியது விறைத்துக்கொண்டு நிற்கிறது. இது ஏன், இரண்டில் எதைப் பழகுவது, "சொல்லி எழுதுவதெல்லாம் எழுத்தே இல்லை" என்று நண்பர் சொன்னது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அங்கே ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணத்தில் டைப்பிங் ஹையரும் ஷார்ட்ஹேண்ட் என்கிற சுருக்கெழுத்தும் முடித்த கையோடு பம்பாய்க்கு ரயிலேறிய தலைமுறை. அப்போது மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் எந்தக் கட்டடத்தில் கேட்டாலும் ஒரு தமிழ் ஸ்டெனோ இருப்பார். 1966-இல் சிவசேனா தொடங்கியபோது தென்னிந்தியர் மேல் கிளம்பிய கோபத்தில் இந்த டைப்பிஸ்ட், ஸ்டெனோ வேலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. பிறர் வாயால் எழுதுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததுதான் என் உத்தியோகம் என்பதால், உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களைச் சொல்லச் சொல்ல மாணாக்கர்கள் ஏட்டில் எழுதினார்கள். உ.வே.சா.வும் அந்த வேலையைச் செய்தவர்தான். கண்ணதாசன் பாட்டைச் சொல்ல, பக்கத்தில் இருந்து எழுதியவர்களில் ஒருவர் பஞ்சு அருணாசலம். ஆங்கிலக் கவிஞர் மில்டனுக்கு 1652-இல் பார்வை முழுவதும் போய்விட்டது. 1667-இல் அவர் வெளியிட்ட பெருங்காவியம் முழுக்க வாயால் சொல்லி எழுதப்பட்டது. இவர்களையெல்லாம் எழுதியவர்கள் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

இனி ஏன் என்பதற்கு வருகிறேன். எல்லோரும் முதலில் வேகத்தைச் சொல்வார்கள். சாதாரணமாகப் பேசும்போது ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் வரை போகும். கையால் யோசித்து எழுதினால் 20 சொல் அளவில்தான் நிற்கும். எங்கள் ஷார்ட்ஹேண்ட் பரீட்சையே 80, 100, 120 என்று படிப்படியாக இந்த இடைவெளியை அடைக்கிற பயிற்சிதான். அப்படியானால் சொல்லி எழுதுபவர் ஆறேழு மடங்கு சீக்கிரம் முடிக்க வேண்டும் அல்லவா? முடிப்பதில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் கோல்ட் என்ற ஆய்வாளர் 1970-களின் கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தார். கடிதம் எழுதுகிறவர் கையால் எழுதினாலும் வாயால் சொன்னாலும், மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யோசிப்பதற்கே போகிறது என்று கண்டார். ஃபோர்ட்டில் நான் பார்த்ததும் அதுதான். அதிகாரி அடுத்த வார்த்தைக்கு வாய் திறக்கட்டும் என்று பென்சிலைக் காகிதத்தில் வைத்தபடி நான் காத்திருந்த நேரம்தான் அதிகம்.

என் அனுபவத்தில் விஷயமே வேறு. சொல்லி முடித்த வாக்கியம் அதற்கப்புறம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கையால் எழுதினால் அது காகிதத்தில் இருக்கிறது. நீங்கள் அடுத்த வரிக்குப் போகும்போதும் ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். மேலே 'ஆனால்' என்று ஆரம்பித்திருந்தால் கீழே இன்னொரு 'ஆனால்' போட கை கூசும். வாயால் சொன்ன வாக்கியம் சொன்ன மாத்திரத்தில் போய்விடுகிறது. மூன்று வாக்கியத்துக்கு முன்னால் என்ன சொன்னோம் என்பது மங்கலாகத்தான் நினைவிருக்கும். அதனால் வாய் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நீங்கள் வளவள என்று சொல்வது அதைத்தான்.

அப்படியென்றால் பழைய புலவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது? அவர்களிடம் யாப்பு இருந்தது. நேரிசை வெண்பாவுக்கு மொத்தம் 15 சீர். இரண்டாம் எழுத்து எதுகையாக வந்து நிற்கும், தளை தட்டினால் காதுக்கே தெரிந்துவிடும், கடைசி அடி முச்சீரில் முடியும். பாடுகிறவர் எந்த இடத்தில் இருக்கிறார், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைப் பாட்டே அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். காளமேகம் மாதிரி ஆசுகவிகள் சபையில் நின்று பாடியதும், பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியார் அவ்வளவு பாடியதும் இந்தப் பிடிமானத்தால்தான். அதே புலவர்கள் ரதபந்தம், நாகபந்தம் என்று எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடைக்கிற சித்திரகவிக்கு வந்தால் கண் வேண்டும், எழுதிப் பார்க்க இடம் வேண்டும்.

இதில் ஓலைச்சுவடியையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, கமா, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. ஆனாலும் தெரிந்தவர் எடுத்துப் படித்தால் எங்கே நிறுத்துவது என்று யாப்பு சொல்லிவிடும். இப்போது உங்கள் போன் எழுதித் தருகிற தமிழைப் பாருங்கள். புள்ளியும் இல்லை, பத்தியும் இல்லை, ஒரே ஓட்டம். ஏட்டுச்சுவடி மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னது உரைநடை, அதை நிறுத்திக் காட்ட உள்ளே எதுவும் இல்லை. நிறுத்தற்குறிகள் அச்சோடு நமக்கு வந்தவை. கண்ணால் படிக்கிற உரைநடைக்கு அவை இல்லாமல் முடியாது.

எங்கள் ஆபீஸ் டிக்டேஷன் உரைநடைதானே, அது எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு வார்ப்பு இருந்தது. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்', 'வி ஆர் இன் ரிசீட் ஆஃப்' என்று தினம் பத்துக் கடிதத்தில் வருகிற தொடர்கள். பிட்மன் ஷார்ட்ஹேண்ட் முறையில் இப்படிப்பட்ட தொடரைப் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். ஐசக் பிட்மன் 1837-இல் இந்த முறையை வெளியிட்டார். அவர் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தார். 'பென்' என்பதன் முதல் ஒலிக்கு மெல்லிய சாய்கோடு, அதே கோட்டை அழுத்திப் போட்டால் 'பெல்' என்பதன் முதல் ஒலி. கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை வெட்டிக்கொண்டு போகிறதா என்பதை வைத்து உயிரொலியை ஊகிக்க வேண்டும். வேகத்தில் உயிர்க்குறிகளைப் பாதிக்கு மேல் விட்டுவிடுவோம். அதனால் அர்த்தம் புரியாமல் எழுதினால் அரைமணி கழித்து நம் நோட்டை நாமே படிக்க முடியாது.

வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதையை இந்தக் காரணத்தால் ஸ்டெனோக்களின் கதை என்றே நினைப்பேன். என் எழுத்து நிற்காதபடி சொல்ல வேண்டும் என்கிறார் எழுதுகிறவர். புரிந்துகொள்ளாமல் எதையும் எழுதக் கூடாது என்கிறார் சொல்கிறவர். தமக்கு யோசிக்க நேரம் வேண்டும்போதெல்லாம் வியாசர் பொருள் லேசில் பிடிபடாத ஒரு முடிச்சுச் சுலோகத்தைப் போட்டுவிடுவாராம். பல சுவடிகளை ஒப்பிட்டுப் புனே பண்டார்கர் நிறுவனம் வெளியிட்ட மகாபாரதச் செம்பதிப்பு இந்தக் கதையை மூலத்தில் சேர்க்காமல் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டது. பின்னால் வந்து சேர்ந்த கதையாகவே இருக்கட்டும், அதைச் சேர்த்தவர் சொல்லி எழுதுகிற தொழிலின் உள்விவகாரம் தெரிந்தவர். யோசிக்க நேரம் வேண்டும் என்பதும், கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன.

இனி தமிழுக்கே உரிய ஒரு காரணம். இதை நீங்கள் கவனித்திருக்க வாய்ப்புண்டு. ஒரே விஷயத்தை வாயில் வருகிறபடியும் கையில் வருகிறபடியும் தருகிறேன்.

"அப்பா என்ன பண்ணுவார்னா, போகிக்கு முதல் நாள் காலைல எழுந்து, அந்த மாட்டுங்கா மார்க்கெட் இருக்கு இல்லையா, அங்க போய், வாழையிலை வாங்கி, வாங்கிட்டு வந்து, அதைத் தண்ணி தெளிச்சு ஈரத்துணில சுத்தி வைப்பார், வாடிடக் கூடாதுன்னு."

"போகிக்கு முதல் நாள் அப்பா மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிவந்த வாழையிலையை வாடாமலிருக்க ஈரத்துணியில் சுற்றி வைப்பார்."

நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பேசுகிறவருக்கு முடிவு இன்னும் தெரியாது. அதனால் எழுந்து, போய், வாங்கி, வந்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகிறார். எத்தனை எச்சம் கோத்தாலும் இலக்கணம் தடுக்காது என்பதால் வாக்கியம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எழுதுகிறவர் 'வாங்கிவந்த வாழையிலை' என்று பெயரெச்சத்தில் மடித்துவிடுகிறார். அப்படி மடிக்க வாழையிலை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கைக்கு அந்த அவகாசம் இருக்கிறது, வாய்க்கு இல்லை. வாயில் வந்ததில் 'இருக்கு இல்லையா' என்பது கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது. 'வாடிடக் கூடாதுன்னு' என்பது வாக்கியம் முடிந்தபிறகு ஞாபகம் வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்தில் இந்த இரண்டும் போய்விடும்.

போனது எல்லாம் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் தெளித்தது எழுத்தில் காணாமல் போய்விட்டது பார்த்தீர்களா? கை சுருக்கும்போது எதைத் தேவையில்லை என்று நினைக்கிறதோ, சில சமயம் அதில்தான் அப்பா இருக்கிறார்.

இதை எனக்கு நன்றாகக் காட்டியவர் தாராவியில் வளர்ந்து இப்போது செம்பூரில் எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு அக்கா. திருநெல்வேலிக்காரர். பேரப்பிள்ளைகளுக்காகத் தன் சிறுவயதை எழுதிவைக்க ஆசைப்பட்டு ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில், "எனது சிறுவயதில் எங்கள் குடும்பம் மிகுந்த வறுமையில் வாடியது. மழைக்காலங்களில் பெரிதும் அவதியுற்றோம்" என்று அழகான கையெழுத்தில் இருந்தது. மூடி வையுங்கள், எனக்குச் சொல்லுங்கள் என்றேன். "மழ வந்துட்டுன்னா ட்ரங்குப் பொட்டி மேல நாங்க நாலு பேரும் ஏறி உக்காந்துக்கிடுவோம். அம்மா மட்டும் எறங்கி நின்னு, ஈயச்சட்டியில தண்ணிய மொண்டு மொண்டு வெளிய ஊத்திக்கிட்டே இருப்பா. ஊத்த ஊத்த வரும்" என்றார். கையில் பேனாவைக் கொடுத்ததும் அந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டு நினைவுக்கு வந்துவிட்டது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தால், நம்மில் பலருக்குப் பேனாவைத் தொட்டாலே வேறு ஆளாகிவிட நேர்கிறது. உங்கள் கையெழுத்துக் கதை விறைத்து நிற்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த அக்கா சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. அதை அவர் எதிரில் இருந்த ஒரு ஆளிடம், அதாவது என்னிடம், சொன்னார். வாயால் எழுத ஒரு ஆள் வேண்டும். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் ஒப்பந்தக் கெடுவுக்குள் ஒரு நாவலை முடித்தே ஆகவேண்டிய நெருக்கடியில் அன்னா என்ற இளம் ஸ்டெனோவை வைத்துக்கொண்டு 26 நாளில் முடித்தார். பகலில் அவர் சொல்வார், அன்னா வீட்டுக்குப் போய் அதைப் பெயர்த்து எழுதிக்கொண்டு வருவார், அதை அவர் திருத்துவார். அடுத்த ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஹென்றி ஜேம்ஸ் என்ற நாவலாசிரியருக்கு 1897 வாக்கில் மணிக்கட்டு வலி வந்து, டைப்பிஸ்ட் எதிரில் உட்கார்ந்து ரெமிங்டன் டைப்ரைட்டரில் அடிக்க அடிக்கச் சொல்லத் தொடங்கினார். அதன்பிறகு அவருடைய வாக்கியங்கள் நீண்டு, கிளைவிட்டு, வேறு நடையாகிவிட்டன. அந்த ரெமிங்டன் சத்தம் இல்லாமல் அவருக்குச் சொல்ல வராதாம். காதில் விழுகிற பதில் ஏதோ ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. போன் வாய் திறக்காது, புரியாவிட்டால் புருவத்தைச் சுருக்காது. அதனிடம் சொல்லும்போது உங்களுக்கு நீங்களே கேட்பவராகவும் இருந்தாக வேண்டும். அது கஷ்டமான வேலை.

எங்கள் அதிகாரிகளில் ஒருவர் ஜன்னலோரம் போய் நின்று முழு வாக்கியத்தையும் மனதில் முடித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். கடிதம் அப்படியே டைப்புக்குப் போகும். இன்னொருவர் பேசித்தான் யோசிப்பார். நடந்துகொண்டே, "அதை அடிச்சுடு, இப்படிப் போடு" என்று சொல்லிக்கொண்டே போவார். என் இடதுகைப் பெருவிரல் நோட்டின் மூலையைத் தூக்கித் தயாராக வைத்திருக்கும், ஓரத்தில் விட்ட இடத்தில் திருத்தங்களைக் குறித்துக்கொள்வேன். நாலு வாக்கியம் போனதும் நின்று, "என்ன சொன்னேன்?" என்பார். நான் முதலிலிருந்து படித்துக்காட்டுவேன். அப்போதுதான் அவர் தன் கடிதத்தை முதன்முதலாகக் கேட்பார். முகம் மாறும். "இல்லை இல்லை, கடைசி வரியை முதலில் போடு" என்பார். இருவரில் நல்ல கடிதம் பெரும்பாலும் இரண்டாமவருடையதுதான். எல்லாம் அந்தப் படித்துக்காட்டுதலில் நடந்தது. சொல்லி எழுதுவதில் மெய்யான எழுத்து வேலை அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது, தம்பி. நடக்கும்போது வாய்ஸ் டைப்பிங்கைப் போடாதீர்கள். வெறும் ரெக்கார்டரைப் போடுங்கள். 2017-இல் கூகுள் தமிழுக்கு வாய்ஸ் டைப்பிங் கொண்டுவந்தபிறகு அது நல்ல கருவிதான், கை நடுங்குகிற பெரியவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் எழுத்து திரையில் வரவர உங்கள் கண் அங்கே போய்விடும். 'வாலை'யா 'வாழை'யா, 'மனம்' வர வேண்டிய இடத்தில் 'மணம்' வந்துவிட்டதா என்று பார்ப்பீர்கள், ஒற்று மிகுந்ததா என்று பார்ப்பீர்கள், கதை நழுவிவிடும். சி.எஸ்.எம்.டி. வாசலில் பஸ் ஹாரனும் தள்ளுவண்டிக்காரர் கூவலும் சேர்ந்து எந்தக் கருவியையும் குழப்பும். ரெக்கார்டரில் இரைச்சல் விழுந்தாலும் உங்கள் காதுக்குப் புரியும்.

சொல்லத் தொடங்குமுன் ஒரு துண்டுச்சீட்டில் மூன்று நான்கு வார்த்தை போதும், எங்கே ஆரம்பம், எங்கே போய் நிற்க வேண்டும் என்று. யாரிடம் சொல்கிறீர்கள் என்று ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவோ, ஊரில் இருக்கும் சித்தப்பாவோ, அந்தக் கதையைக் கேட்டால் நடுவில் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே தொடங்கலாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இரவில் வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் கேளுங்கள். முதல் தடவை எதையும் எழுதாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை நோட்டை எடுத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதாமல், நிறுத்தி நிறுத்தி, உங்கள் வாக்கியமாகக் கையால் எழுதுங்கள். எச்சங்களை மடியுங்கள். ஆனால் 'ஊத்த ஊத்த வரும்' மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் அதைத் தொடாமல் அப்படியே வையுங்கள்.

எல்லாப் பகுதிக்கும் இது பொருந்தாது. உரையாடல், சண்டை, ஒருவர் இன்னொருவரிடம் நடந்ததைச் சொல்வது, பாட்டியின் புலம்பல் இவற்றையெல்லாம் கட்டாயம் வாயால் தொடங்குங்கள், பேனாவால் தொடங்கினால் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசும். காலத்தில் முன்னும் பின்னும் போகிற இடம், ஒரு வாதத்தை அடுக்கடுக்காக வைக்கிற இடம், கதையின் முடிவு இவற்றைக் கையாலேயே எழுதுங்கள். மேலே என்ன இருக்கிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடங்கள் அவை. வர்ணனை இரண்டுக்கும் நடுவில், உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது.

எழுதி முடித்த பக்கத்தை வீட்டில் யாரையாவது விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே படித்தால் நீங்கள் நினைத்த இடத்தில் மூச்சு விடுவீர்கள், அவர் எழுதியிருக்கிற இடத்தில் மூச்சு விடுவார். அவர் தடுக்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டு, படித்து முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒலிப்பதிவுகளைத் தேதி போட்டு வைத்திருங்கள். அடுத்த கதைக்கு வேண்டிய குரல் போன கதையின் பதிவில் வெட்டிப்போட்ட பகுதியில் கிடைக்கக்கூடும்.